எந்தப் பெடல் முன்னே, எந்தப் பெடல் பின்னே?

எலெக்ட்ரிக் கிட்டார் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஃபெக்ட்ஸ் பெடல்களைப் பற்றியவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரி மாணவர், கோவை: ட்யூனர், வா, ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே என்று ஆறு பெடல் வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். எதுதான் சரி?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே அடுக்கி வாசிக்கலாம், தம்பி. ஆனால் ஏன் என்று தெரியாமல் அடுக்கினால் ஏழாவது பெடல் வாங்கும் நாளில் மறுபடியும் குழப்பம் வரும்.

ஒரு பெடலுக்குத் தன் உள்ளே வரும் சிக்னல் மட்டும்தான் தெரியும். முன்னால் இருப்பவை எதைச் செய்து அனுப்புகின்றனவோ அதன்மேல்தான் அது வேலை செய்யும். டிஸ்டார்ஷன் பெடல் சிக்னலின் உச்சியை நறுக்குகிறது. நறுக்கும்போது நீங்கள் வாசிக்காத அதிர்வெண்களும் பிறக்கின்றன. 330 ஹெர்ட்ஸும் 440 ஹெர்ட்ஸும் சேர்ந்து உள்ளே போனால் அவற்றின் வித்தியாசமான 110-ம், கூட்டுத்தொகையான 770-ம் வெளியே வரும். இன்னும் பலவும் கூடவே வரும். பவர் கார்டுக்கு இதுதான் கனம் கொடுக்கிறது. விரிந்த கார்டு பிடித்தால் ஒலி கலங்கிப்போவதும் இதனால்தான்.

இப்போது டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் மாட்டுங்கள். ஈ மேஜர் ஒரு தட்டு, உடனே எஃப் மேஜர் ஒரு தட்டு. முதல் கார்டின் எதிரொலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்து சேர, இரண்டும் ஒன்றாக நறுக்கப்பட்டு வெறும் இரைச்சலாகிவிடும். படிப்படியாகத் தேய வேண்டிய எதிரொலியும் தேயாமல் ஏறக்குறைய அதே பலத்தில் நிற்கும். டிலேயைப் பின்னால் மாற்றி அதே இரண்டு கார்டை வாசியுங்கள். ஒவ்வொரு கார்டும் தனியாகக் கேட்கும், எதிரொலியும் ஒழுங்காகத் தேயும். இந்தப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுப்பதை எந்த வரிசைப் படமும் சொல்லித்தராது.

மற்றவற்றுக்கும் இதே கணக்குதான். ட்யூனருக்குச் சுத்தமான சிக்னல் வேண்டும், அதனால் முதலில். வாவை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் மனிதக் குரல் போலப் பேசும். பின்னால் வைத்தால் வீச்சு பெரிதாகி சிந்தசைசர் பக்கம் போய்விடும். கோரஸ் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் தெளிவாக இருக்கும். ஃபேஸரை மட்டும் இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 1978-இல் வெளிவந்த வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தில் எடி வான் ஹேலனின் எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90 ஆம்புக்கு முன்னால் இருந்தது; டிஸ்டார்ஷன் அதற்குப் பின்னால், மார்ஷல் ஆம்புக்குள் உண்டாயிற்று. புத்தக வரிசைக்கு அது நேர் எதிர். ஃபேஸரின் அசைவு முன்னால் வந்ததால்தான் அந்த ஒலியில் அது உறுத்தாமல் உள்ளே கரைந்திருக்கிறது.

வாசகர், திருநெல்வேலி: பெடலுக்கு அடாப்டர் இல்லாததால் இன்டர்நெட் ரூட்டரின் 9 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். புகை வந்தது. பெடல் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. ரூட்டர் அடாப்டரின் முனையில் நடு முள் பாசிடிவ். கிட்டார் பெடலுக்கு நடு முள் நெகடிவாக இருக்க வேண்டும். தலைகீழாகச் செருகியதால் உள்ளே பாதுகாப்புக்கு வைத்திருக்கும் டயோடு எரிந்திருக்கும். சில ரூபாய்ப் பொருள். விவரம் தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள், மாற்றிவிடுவார். அடாப்டரில் வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது. மூன்றைப் பார்க்க வேண்டும்: வோல்ட் பெடல் கேட்கும் அளவே இருக்க வேண்டும், மில்லி ஆம்பியர் பெடல் கேட்பதற்குக் குறையக் கூடாது, பிளஸ் மைனஸ் படம் பெடலில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

சர்ச் இசைக்குழு, நாகர்கோவில்: எங்கள் ஆலயத்தில் கிட்டார் ஆம்ப் இல்லை. பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போகிறேன். டிஸ்டார்ஷன் போட்டால் காதைக் கீறுகிறது. நல்ல டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: டிஸ்டார்ஷன் பெடலை மாற்றாதீர்கள், அதில் குற்றமில்லை. கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பேசாது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூர்மையான மேல் ஒலிகளை அதுதான் மறைக்கிறது. ஆலயத்தின் பி.ஏ. ஸ்பீக்கர்களோ பாடகர் குரலுக்காக அமைத்தவை. மேலே உள்ள எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிடும். உங்கள் வரிசையில் இல்லாதது அந்த கிட்டார் ஸ்பீக்கர்தான்.

கேபினட் சிமுலேட்டர் என்ற பெடலை வரிசையின் கடைசியில், மிக்ஸருக்கு முன்னால் சேருங்கள். மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருந்தால் அதிலேயே கேபினட் இருக்கும். அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேடையிலிருந்து மிக்ஸர் தூரத்தில் இருந்தால் ஒரு டி.ஐ. பாக்ஸும் அவசியம். இவ்வளவு செய்ய இயலாத ஆலயத்தில் சிறிய ஆம்ப் ஒன்றை வைத்து, அதன் ஸ்பீக்கர் முன் சாதாரண பாடகர் மைக்கை ஒட்டி நிறுத்தினாலும் காது கிழியாது.

வாசகர், சென்னை: என் போர்டில் எட்டுப் பெடலும் ட்ரூ பைபாஸ். எல்லாவற்றையும் அணைத்துவிட்டாலும் கிட்டார் மந்தமாகக் கேட்கிறது. பெடலே இல்லாமல் ஆம்பில் மாட்டினால் பளிச்சென்று இருக்கிறது. ட்ரூ பைபாஸ் என்றால் ஒலி மாறாது என்றார்களே?

பதில்: ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்தால் அது வெறும் கம்பி ஆகிவிடுகிறது. எட்டையும் அணைத்தால் உங்கள் கிட்டாரிலிருந்து ஆம்ப் வரை ஒரே நீளக் கம்பி. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் உண்டு. கிட்டாரிலிருந்து போர்டுக்கு 6 மீட்டர், போர்டிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர், நடுவில் பேட்ச் கேபிள்கள் எல்லாம் சேர்ந்தால் 1,300 பிக்கோஃபாரட்டைத் தாண்டும். சாதாரண பிக்கப்புக்கு அவ்வளவு தூரம் தள்ளும் வலு கிடையாது. முதலில் தொலைவது மேல் ஸ்தாயியின் பளிச்சுதான்.

முன்வரிசையில், அந்த வலுவைக் கொடுக்கும் நல்ல பஃபர் ஒன்று இருந்தால் தீர்ந்தது. பாஸ் நிறுவனத்தின் சின்னப் பெடல்கள் அணைந்திருக்கும்போதும் பஃபர் வேலையைச் செய்கின்றன. ட்ரூ பைபாஸ் இல்லை என்று அவற்றைக் கழித்துக்கட்டும் வழக்கத்தால் பல போர்டுகள் மந்தமாகிக் கிடக்கின்றன. விளம்பரத்தில் அந்தச் சொல் பெரிதாகப் போட்டிருக்கிறது என்பதற்காக ஒரு பெடலை வாங்காதீர்கள்.

வாசகர், புதுச்சேரி: வாவுக்குப் பின்னால் ஜெர்மேனியம் ஃபஸ் வைத்தால் ஊளையிடுகிறது. மேலும் மே மாதத் திறந்தவெளிக் கச்சேரியில் ஃபஸ் பாதியில் அடங்கி விட்டுவிட்டுக் கேட்டது. பெடல் பழுதா?

பதில்: இரண்டுக்கும் பழுது காரணமில்லை. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் வழிவந்த பெடல்கள் கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாகக் கைகோத்து வேலை செய்பவை. அவற்றின் இன்புட், முன்னால் இருப்பதை இழுத்துக் கீழே தள்ளும். வாவின் அவுட்புட்டால் அதைத் தாங்க முடியாமல்தான் ஊளை. ஃபஸ்ஸை முதலிலும் வாவை அடுத்தும் வைத்துப் பாருங்கள். வா முன்னால்தான் வேண்டும் என்றால் வாவின் அவுட்புட்டில் சின்ன பஃபர் ஒன்றைச் சேர்த்துத் தரச் சொல்லி ரிப்பேர்க்காரரிடம் கேளுங்கள். சென்னை வாசகருக்குச் சொன்ன பஃபரை மட்டும் கிட்டாருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவில் வைக்காதீர்கள். கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் தெளியும் அழகு அதோடு போய்விடும்.

வெயிலுக்கு ஜெர்மேனியம் ஆகாது. சூடு ஏற ஏற ட்ரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டம் கூடி அதன் நிலைப்பாடே நகர்ந்துவிடும். பெடலை நிழலில் வையுங்கள், கறுப்பு போர்டின்மேல் வெயிலில் விடாதீர்கள். நம் ஊர் மேடைகளுக்கு சிலிக்கான் ஃபஸ்தான் நம்பகமானது. பழைய பி.என்.பி. வகை ஜெர்மேனியம் பெடல்களில் பல பாசிடிவ் கிரவுண்ட் கொண்டவை. அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோக்கக் கூடாது.

வாசகர், சேலம்: டேவிட் கில்மோர் ஒலி வேண்டும். பிக் மஃப் வாங்கினால் வருமா?

பதில்: ஃபஸ் வரும். அவர் கம்பியை இழுக்கும் இழுப்பு பெடலில் இல்லை.

மெல்லிசைக் குழு கிட்டார் கலைஞர், மதுரை: வீட்டில் அருமையாக இருக்கும் சோலோ ஒலி மேடையில் காணாமல் போகிறது. கீபோர்டு, பேஸ், டிரம்ஸ், பேட், தபேலா என்று பத்துப் பேர். வால்யூமை ஏற்றினால் பாடகர் திட்டுகிறார்.

பதில்: பாடகர் சொல்வது நியாயம். உங்கள் பெடலில் நடு ஒலியைக் குறைத்து, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி வைத்திருப்பீர்கள். தனியாக, சின்ன சத்தத்தில் கேட்கும்போது அதுதான் நன்றாக இருக்கும். குறைந்த சத்தத்தில் மனிதக் காது தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் குறைவாகவே வாங்குகிறது. அதை ஈடுகட்டத்தான் கை தானாக அந்த இரண்டையும் ஏற்றுகிறது. மேடைச் சத்தத்தில் காது எல்லாவற்றையும் வாங்கும். அங்கே உங்கள் பேஸை பேஸ் கிட்டார் விழுங்கிவிடும், ட்ரெபிளை சிம்பல் விழுங்கிவிடும், நடுவில் வைத்திருக்க வேண்டியதை நீங்களே வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

கிட்டாரின் இடம் நடு ஒலிதான். ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் இத்தனை வருடமாக மேடைகளில் நிலைப்பதற்குக் காரணம், அது 720 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கி, அதற்குக் கீழே உள்ள பேஸைக் குறைத்துவிடுகிறது. வீட்டில் மூக்கடைத்தது போல் கேட்கும் அந்த ஒலி பத்து வாத்தியங்களுக்கு நடுவே தெளிவாக வெளியே வரும். சோலோ நேரத்தில் டிஸ்டார்ஷனின் கெயினைக் கூட்டாதீர்கள். கெயின் கூடினால் சிக்னல் இன்னும் தட்டையாகுமே தவிர சத்தம் கூடாது. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் ஒரு ஈக்யூ பெடல் வைத்து, 800 முதல் 1,000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் ஏற்றி, அதன் லெவலையும் சற்றே உயர்த்தி, சோலோவுக்கு மட்டும் மிதியுங்கள். அதே ஈக்யூவை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் சத்தம் கூடாது, முரட்டுத்தனம்தான் கூடும்.

இனிமேல் ஒலியைச் சரிசெய்வதைக் குழுவோடு ஒத்திகை பார்க்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

வாசகர், திண்டுக்கல்: பெடலை மிதித்து அணைத்துவிட்டுத்தான் பையில் வைக்கிறேன். ஆனாலும் பேட்டரி இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது.

பதில்: இன்புட்டில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடும். கேபிளைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

வாசகர், விருதுநகர்: கோயில் திருவிழா மேடைகளில் எங்கள் கிட்டார் ஆம்ப் பயங்கரமாக முரலுகிறது. சவுண்ட் சர்வீஸ் பையன் ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்றான். கழற்றினோம், முரல் நின்றது. ஆனால் பாடிக்கொண்டே வாசிக்கும்போது உதட்டில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டிருக்கிறோம். வேறு வழி உண்டா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. உங்கள்மேல் வந்த கோபம் பாதிதான். ஊர் ஊராக இந்த வைத்தியத்தைச் சொல்லித் திரிபவர்கள்மேல்தான் மீதி. அந்த முள்ளை இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். அதுவரை அந்த ஆம்பில் யாரும் வாசிக்க வேண்டாம்.

உங்கள் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, ஜாக் வழியாக, கேபிளின் உறைக்கம்பி வழியாக ஆம்பின் உலோகப் பெட்டியோடு சேர்ந்திருக்கின்றன. அந்தப் பெட்டி எர்த் முள் வழியாகப் பூமியோடு சேர்ந்திருக்கிறது. அதனால்தான் கம்பியைத் தொடுவது பாதுகாப்பாக இருக்கிறது. முள்ளைக் கழற்றியபின் ஆம்புக்குள் சின்னக் கசிவு இருந்தாலும் அது வந்து நிற்கும் இடம் உங்கள் விரல்கள். மைக்கோ மிக்ஸர் வழியாக எர்த்தில் இருக்கிறது. விரலில் மின்சாரம், உதட்டில் எர்த், நடுவில் உங்கள் இதயம். இன்று சுருக்கென்று அடிப்பது சின்னக் கசிவு. ஆம்புக்குள் ஒரு பழைய கெபாசிட்டரோ ட்ரான்ஸ்ஃபார்மரோ பழுதானால் 230 வோல்ட்டும் அப்படியே வரும். மழைத்தூறலில் நனைந்த மேடை, வெறுங்கால், வியர்த்த கை என்றால் சொல்லவே வேண்டாம்.

நான் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. 1972-இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸில் உள்ள ஸ்வான்சீயில் நடந்த கச்சேரியில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், 1976-இல் தன் வீட்டில் எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது அதேபோல் இறந்தார். இருவரும் தொழில் தெரிந்தவர்கள். ஸ்பாஞ்ச் உறை உங்களைக் காப்பாற்றாது. உதட்டு ஈரத்தில் அதுவும் நனையும்.

முரலை நிறுத்த ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. முதலில் எல்லாப் பெடலையும் கழற்றிவிட்டு கிட்டாரை நேராக ஆம்பில் மாட்டுங்கள். கம்பியைத் தொட்டால் முரல் குறைகிறது என்றால் அது வழக்கமானதுதான், கிட்டாருக்குள் கிரவுண்டு சரியாக இருக்கிறது. கிட்டாரோடு மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் முரல் குறைந்து இன்னொரு திசையில் கூடினால் பிக்கப் வெளியிலிருந்து வாங்குகிறது. சிங்கிள் காயில் பிக்கப்புக்குத் திருவிழா சீரியல் செட்டும் லைட்டிங் டிம்மரும் பரம எதிரிகள். அவற்றிலிருந்து தள்ளி நில்லுங்கள், அல்லது ஹம்பக்கர் கிட்டாரை எடுத்துவாருங்கள்.

திரும்பினாலும் மாறவில்லை, மிக்ஸருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினால் மட்டும் நிற்கிறது என்றால் அது கிரவுண்ட் லூப். ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு இடத்தில் கரண்ட் எடுப்பதால் வருவது. இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் கொடுங்கள். முடியாவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் வழியாக அனுப்பி, அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் போடுங்கள். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும். ஆம்பின் எர்த் அப்படியே இருக்கும். முள்ளை உடைத்து நீங்கள் தேடிய அதே பலனை ஆபத்தில்லாமல் இது கொடுக்கும்.

ஜெனரேட்டரில் நடக்கும் கச்சேரியில் எர்த் கம்பி மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் மேடை ஏறாதீர்கள். மூன்று ஓட்டை உள்ள போர்டு இருந்தால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலெக்ட்ரீஷியனிடம் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத மேடையில் என் மாணவர்களை நான் வாசிக்க விடுவதில்லை. பெடலுக்குச் செலவழிப்பவர்கள் சொந்தமாக ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று செய்துவைத்துக்கொள்ளலாம். ஒரு ஓவர்டிரைவ் வாங்கும் காசுகூட ஆகாது.

வாசகர், ஈரோடு: ஒரே அடாப்டரிலிருந்து கொத்தாகப் பிரியும் ஒயரில் ஏழு பெடல் ஓடுகின்றன. டிஜிட்டல் டிலேயைச் சேர்த்ததிலிருந்து கொசு பாடுவது போல மெல்லிய கீச்சு ஒலி.

பதில்: டிஜிட்டல் பெடலுக்குள் ஓடும் கடிகாரத் துடிப்பு கரண்ட் ஒயர் வழியாக மற்றப் பெடல்களுக்கும் போகிறது. டிஸ்டார்ஷன் அதைப் பெரிதாக்கித் தருகிறது. அனலாக் ஓவர்டிரைவ் ஒன்று 10 மில்லி ஆம்பியர் கூட எடுக்காது. டிஜிட்டல் டிலேயும் ரிவெர்பும் 100, 200 என்று எடுக்கும். டிலேயை மட்டும் தனி அடாப்டரில் மாட்டுங்கள். பெரும்பாலும் அதோடு நிற்கும். போர்டு இன்னும் வளரும் என்றால் ஒவ்வொரு வாயிலும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் பவர் சப்ளையை வாங்குங்கள். அடுத்த பெடலுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

ஒரு தாய், திருச்சி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் எட்டுப் பெடல் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறான். இவ்வளவும் இருந்தால்தான் கிட்டார் வருமாம். உண்மையா? வீட்டில் சத்தமும் தாங்க முடியவில்லை.

பதில்: உண்மையில்லை அம்மா. ஆனால் பிள்ளை ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. கிட்டார்மேல் பைத்தியம் பிடிக்கும் வயது அது. அந்தப் பைத்தியம் நல்லது. இப்போதைக்கு ஹெட்ஃபோன் மாட்டும் வசதியுள்ள சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவன் பட்டியலில் உள்ள எட்டு ஒலியும் அதற்குள் இருக்கும், வீடும் அமைதியாகும். பொதுத்தேர்வு நேரத்திலும் யாருக்கும் தொந்தரவில்லை. ஹெட்ஃபோனில் சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். காது ஒருமுறை கெட்டால் திரும்பாது.

மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். ஓவர்டிரைவை மட்டும் போட்டுவிட்டு, கிட்டாரின் வால்யூம் நாபை 3-இல் வைத்து வாசிக்கட்டும், பிறகு 6, பிறகு 10. ஒரே பெடலில் தெளிவான ரிதம், கரகரப்பான ரிதம், முழு சோலோ என்று மூன்று ஒலி கிடைக்கும். அந்த நாபைக் கையாளப் பழகாமல் பெடல் வாங்குகிறவர்கள்தான் எட்டு வாங்குகிறார்கள். இது அவனுக்குக் கைவந்தபின் பட்டியலைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள், அப்போது வாங்கிக் கொடுங்கள்.

வாசகர், தூத்துக்குடி: ஜாக்கிலும் நாபிலும் ஓயாமல் கரகரப்பு. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், இரண்டு வாரம் நன்றாக இருந்து மறுபடி வந்துவிட்டது.

பதில்: எண்ணெய் விடவே கூடாது. உப்புக்காற்றில் பித்தளையும் நிக்கலும் களிம்பேறுகின்றன; எண்ணெய் அதன்மேல் தூசியைச் சேர்த்து ஒட்டவைக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும். ஜாக்குக்கும் நாபுக்குள்ளும் கொஞ்சம் அடித்து, பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள், நாபை முழுதாகச் சுற்றுங்கள். கேபிள் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை செய்ய வேண்டியது இது. வாசிக்காத நாட்களில் போர்டை மூடிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வாசகர், யாழ்ப்பாணம்: டிலே தனியாக வாசிக்கும்போது இனிமையாக இருக்கிறது. பாட்டோடு சேர்ந்தால் தாளம் இடறுகிறது. எத்தனை மில்லி செகண்டில் வைப்பது?

பதில்: பாட்டைப் பொறுத்தது. 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால் வகுங்கள். 120 அடி ஓடும் பாட்டுக்கு ஓர் அடி 500 மில்லி செகண்ட். அதன் முக்கால் பங்கான 375-இல் வைத்து எட்டில் ஒரு ஸ்வரமாக வாசித்தால் நீங்கள் வாசிப்பதற்கு இடையிடையே எதிரொலி வந்து நிரப்பும். யு2 குழுவின் எட்ஜ் கட்டியெழுப்பிய வாசிப்பு முறைக்கு இந்த முக்கால்தான் ஆதாரம்.

திஸ்ர நடைப் பாட்டுக்கு முக்கால் பொருந்தாது. அடியை மூன்றாகப் பிரியுங்கள். 100 அடிப் பாட்டில் ஓர் அடி 600. டிலேயை 200-இலோ 400-இலோ வையுங்கள். நம் மெல்லிசையில் திஸ்ரம் அதிகம் என்பதால் இதை மறக்காதீர்கள். டிரம்மர் கிளிக் இல்லாமல் வாசிப்பவர் என்றால் எந்த எண்ணும் உதவாது, டாப் டெம்போ உள்ள டிலேதான் வேண்டும்.

வாசகர், தஞ்சாவூர்: எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் பயில்கிறேன். என்ன பெடல் வைக்கலாம்? குரு எதுவும் வேண்டாம் என்கிறார்.

பதில்: குரு சொல்வதை முதலில் கேளுங்கள். கமகம் விரலில் உட்காரும்வரை அவர் சொல்வதே சரி. பிறகு, கொஞ்சம் மட்டும்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் கச்சேரி செய்தார். பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் செய்கிறார். மின்சாரம் நம் சங்கீதத்துக்கு அந்நியமில்லை. ஒருமுறை மீட்டி நீண்ட ஜாருவைக் கடைசிவரை கேட்கவைக்க ஒலி நீடிக்க வேண்டும். அதற்கு கம்ப்ரஸர் உதவும். அட்டாக்கை மெதுவாக வைத்தால் மீட்டின் தெளிவு கெடாது. மெல்லிய ஓவர்டிரைவும் ஆகும். கோவைத் தம்பிக்குச் சொன்னேன், இரண்டு ஸ்வரம் சேர்ந்தால்தான் டிஸ்டார்ஷனில் வேண்டாத ஒலி பிறக்கும் என்று. ஒற்றை ஸ்வரமாகப் போகும் சங்கீதத்தில் அந்தத் தொல்லை குறைவு. மற்றக் கம்பிகள் அதிராமல் கையால் அடக்கிக்கொள்ளுங்கள்.

கோரஸ் கூடவே கூடாது. சுருதி சற்றே ஏறி இறங்கும் நகல் ஒன்றைக் கூடச் சேர்ப்பதுதான் கோரஸின் வேலை. காந்தாரத்தின் நுட்பமான இடத்தை அரும்பாடுபட்டுப் பிடித்துவிட்டு அதைக் கோரஸில் கலைப்பது அநியாயம். டிலேயும் வேண்டாம், முந்தின ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின்மேல் நின்று கமகத்தை மூடும். சிறிய அறை ரிவெர்ப் கொஞ்சமாகப் போதும், அதையும் சபாவில் ஏற்கனவே எதிரொலி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

வாசகர், பெரம்பூர்: ஆம்புக்குப் பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டை. அவசியம் பயன்படுத்த வேண்டுமா?

பதில்: டிஸ்டார்ஷனை ஆம்பிலேயே எடுப்பவராக இருந்தால் டிலேயையும் ரிவெர்பையும் அங்கே மாட்டுங்கள். ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு அவை வர வேறு வழியில்லை. ஆம்பை கிளீனில் வைத்துப் பெடலில் டிஸ்டார்ஷன் எடுப்பவருக்கு அந்த ஓட்டைகள் தேவையில்லை. எல்லாவற்றையும் முன்னாலேயே மாட்டலாம்.

வாசகர், கும்பகோணம்: அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கிறது. இங்கே செருகலாமா?

பதில்: கூடாது. எரிந்துவிடும். இங்கே 230 வோல்ட்டுக்கான அடாப்டர் வாங்குங்கள்.

கடிதம் எழுதும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். என்ன கிட்டார், சிங்கிள் காயிலா ஹம்பக்கரா, என்ன ஆம்ப் அல்லது மிக்ஸர், பெடல்களின் வரிசை, எந்த அடாப்டர், கேபிளின் நீளம் ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். "சவுண்ட் சரியில்லை" என்று ஒரே வரியில் வரும் கடிதங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஷாக் அடிக்கிறது என்று எழுதுபவர்கள் மட்டும் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.